சின்னக்கர உறுதியா, ஜயபூமியா, தோட்டத்துக் காணியா?

இலங்கை மலைநாட்டில், பண்டாரவளையிலோ ஹட்டனிலோ நாவலப்பிட்டியிலோ ஒரு காணி விலைக்கு வந்தால் தரகர் முதலில் இடத்தைப் பற்றித்தான் பேசுவார். பஸ் ரோட்டுக்குப் பக்கம், தண்ணீர் வசதி இருக்கு, பாடசாலை கிட்ட. அப்புறம் விலை. உறுதி (காணியின் உரிமைப் பத்திரம்) எந்த வகை என்பதற்கு நாமாகக் கேட்டால்தான் பதில் வரும். முதலில் கேட்க வேண்டியதே அதுதான். ஒரே மலைச்சரிவில் ஒரே இருபது பேர்ச் காணி, ஒன்று மற்றதை விட மிகவும் மலிவு என்றால், காரணம் பெரும்பாலும் மண்ணில் இல்லை, பத்திரத்தில் இருக்கிறது.

கொழும்பில் கடை நடத்தியோ வெளிநாட்டில் உழைத்தோ சேர்த்த காசில் முதல்முறையாகச் சொந்தக் காணி தேடும் எங்கள் குடும்பங்களுக்கு மூன்று வகைக் காணிதான் அதிகம் காட்டப்படுகிறது: சின்னக்கர உறுதிக் காணி, அரசாங்கம் கொடுத்த பெர்மிட் அல்லது ஜயபூமிக் காணி, தோட்டத்துக்குள்ளேயே கைமாறுகிற காணி.

சின்னக்கர உறுதி என்றால் முழு உரிமை. விற்கலாம், ஈடு வைக்கலாம், பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வீட்டுக் கடனுக்கு வங்கிகள் விரும்புவதும் இதைத்தான். ஒரே நிபந்தனை, விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து இதுதான் விதி.

ஆனால் சின்னக்கர என்ற பெயரை மட்டும் நம்பி வாங்கிவிட முடியாது. மலைநாட்டில் அதற்கென்றே சில சிக்கல்கள் இருக்கின்றன. 1972ஆம் ஆண்டு காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய காணியை 50 ஏக்கராக மட்டுப்படுத்தியது, வயல் என்றால் 25 ஏக்கர். மிஞ்சியது காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவுக்குப் போனது. இன்று பிளாக் பிளாக்காக விற்கப்படும் இடம் ஒரு காலத்தில் பெரிய தோட்டமாக இருந்திருந்தால், இந்தத் துண்டு உரிமையாளர் வைத்துக்கொண்ட பகுதியா, ஆணைக்குழுவுக்குப் போன பகுதியா என்று எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். உறுதி அழகாக இருக்கும், காணி அரசாங்கத்துடையதாக இருக்கும். அப்படியும் நடக்கிறது.

இன்னொன்று நன்கொடை உறுதி. கண்டியச் சட்டத்துக்கு (கண்டிச் சிங்களவருக்கான தனிச் சட்டம்) உட்பட்ட ஒரு சிங்களக் குடும்பத்தில் தாய் மகனுக்கு நன்கொடையாக எழுதிய காணியை மகன் உங்களுக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரத்துச் செய்யும் உரிமையைக் கைவிடுவதாக அந்த உறுதியில் வெளிப்படையாக எழுதாவிட்டால், தாய் உயிரோடு இருக்கும்வரை அதை இரத்துச் செய்யலாம். கண்டி, மாத்தளைப் பக்கம் வாங்குகிறவர்கள் நொத்தாரிசிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள். பிரிக்கப்படாத பங்கு மூன்றாவது தலைவலி. எட்டில் ஒரு பங்கை வாங்கியவருக்கு எந்த மூலை தன்னுடையது என்று தெரியாது. பங்காளிகள் ஒத்துவராவிட்டால் பிரிவினை வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

இதெல்லாம் தெரியவர முதல் வழி, காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருடப் பதிவைத் தேடிப் பார்ப்பது. பதிவேட்டின் அந்தப் பக்கத்தை நீங்களே ஒருமுறை பார்ப்பது நல்லது. மேலே காணியின் பெயர், நான்கு எல்லை: வடக்கே ஓடை, கிழக்கே இன்னார் தோட்டம் என்று இருக்கும். கீழே யார் யாருக்கு எழுதினார்கள், உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் எல்லாம் வரிசையாக. ஈடு வைத்திருந்தால் அதே பக்கத்தில் நிற்கும், வழக்குப் பதிவு இருந்தால் அதுவும் நிற்கும். விற்பவர் காட்டும் உறுதியின் எல்லைகளும் சர்வேயரின் பிளானும் இந்தப் பக்கமும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் முற்பணம் கொடுக்கவே கூடாது.

ஜயபூமி, சுவர்ணபூமி (இரண்டும் அரசாங்கம் எழுதிக் கொடுக்கும் அளிப்புகள்), பெர்மிட் எல்லாம் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. பெர்மிட் என்பது பயிர் செய்யவும் குடியிருக்கவும் கொடுத்த அனுமதி மட்டுமே, அதை உங்களுக்கு விற்க யாராலும் முடியாது. ஜயபூமி அளிப்பு அதைவிட ஒரு படி மேல். விற்கலாம், ஆனால் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி முன்கூட்டியே வேண்டும். அனுமதி இல்லாமல் எழுதிய உறுதி செல்லாது. "முதல்ல எழுதிருவோம், அனுமதியப் பிறகு பாத்துக்கலாம்" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

வாரிசு விஷயமும் இங்கே வேறு. இந்தக் காணிக்கு உரிமையாளர் ஒரு வாரிசைப் பெயர் குறித்துப் பதிய வேண்டும். அவர் இறந்த பிறகு மனைவிக்கோ கணவருக்கோ ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை வரும், வழமையாக விற்கும் உரிமை வராது. ஆகவே தனியாக இருக்கும் ஒரு அம்மா "அவரு போயிட்டாரு, நான் விக்கிறேன்" என்று சொன்னால், அவர் நேர்மையானவராகவே இருந்தாலும், பிரதேச செயலகத்தில் கேட்டுத் தெளிந்த பிறகே பேச்சைத் தொடருங்கள். வாரிசு குறிக்கப்படாத இடங்களில் மூத்த மகனுக்கு முன்னுரிமை கொடுத்த பழைய ஏற்பாடு 2022 திருத்தத்தோடு நீங்கியது. எங்கள் பிள்ளைகளில் மகள்களுக்கு அது நியாயமான மாற்றம்.

குடியிருக்க மட்டும் என்றால், முறையான அனுமதியோடு வரும் ஜயபூமிக் காணி மோசமான தெரிவில்லை. விலை குறைவு, ஊர் பழகிய இடம். ஐந்து வருடத்தில் இலாபத்துக்கு விற்கலாம் என்ற கணக்கில் வாங்குகிறவருக்கு அது சரிவராது. ஒவ்வொரு விற்பனைக்கும் அனுமதி, நினைத்தபடி துண்டு போட முடியாது, வாங்க வருகிறவர்களும் குறைவு.

தோட்டத்துக் காணியைப் பற்றிச் சொல்லவே மனம் கனக்கிறது. தலைமுறைகளாக வாழ்ந்த மண், ஆனால் பெருந்தோட்டங்களின் நிலம் அரசுடையது. கம்பனிகள் குத்தகைக்கு வைத்திருக்கின்றன. தோட்டத் தலைவரோ துரையோ (முகாமையாளர்) கணக்கப்பிள்ளையோ அதை விற்க முடியாது. லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) பக்கத்துத் துண்டை முத்திரை ஒட்டிய தாளில் எழுதி, சாட்சிக்கு இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, பல இலட்சம் கைமாறுகிறது. அந்தத் தாளால் சட்டப்படி காணி உரிமை வராது. வீடமைப்புத் திட்டத்தில் உங்கள் பெயருக்கு 7 பேர்ச் வந்திருந்தால் அது வேறு கதை: உறுதி கைக்கு வரும்வரை விடாமல் கேளுங்கள், வந்ததும் நிபந்தனைகள் உள்ள பக்கத்தை முழுதாக வாசியுங்கள். வெளியாரிடமிருந்து விலைக்கு வாங்க மட்டும் வேண்டாம்.

சரி, செலவுக்கு வருவோம். விற்பனை உறுதிக்கு முத்திரைத் தீர்வை முதல் 100,000 ரூபாய்க்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம். 50 இலட்சம் ரூபாய்க் காணிக்கு 199,000 ரூபாய், அதோடு நொத்தாரிசின் கட்டணம். இதைக் குறைக்க உறுதியில் 30 இலட்சம் என்று எழுதச் சொல்வது ஊர்வழக்கமாகவே ஆகிவிட்டது. அது சட்டவிரோதம் என்பது ஒருபுறம், வாங்குகிறவருக்கு நட்டமும் கூட. இப்போது மிச்சமாவது 80,000 ரூபாய். பிறகு நீங்கள் விற்கும்போது அந்த 20 இலட்சமும் உங்கள் இலாபமாகக் கணக்கில் ஏறும். மூலதன ஆதாய வரி தனிநபருக்கு 2025 ஏப்ரலிலிருந்து 15 சதவீதம், அதாவது 300,000 ரூபாய். மூன்று வருடம் சொந்தமாக வைத்திருந்து, அதில் இரண்டு வருடமாவது குடியிருந்த சொந்த வீட்டுக்கு இந்த வரியிலிருந்து விலக்கு உண்டு. முதலீட்டுக்காக வாங்கிப் பூட்டி வைத்த காணிக்கு இல்லை.

எந்த வகைக் காணியானாலும் கட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை வேண்டும். நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை எல்லாம் மண்சரிவு அபாய மாவட்டங்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களே மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. காணியை வாங்கிய பிறகு அறிக்கை எடுப்பதை விட, உடன்படிக்கையிலேயே "அறிக்கை சாதகமாக வராவிட்டால் முற்பணம் திருப்பித் தரப்படும்" என்று எழுதி வாங்குங்கள். மழை நாளில் ஒருமுறை போய்ப் பாருங்கள். சுவர்களில் புது வெடிப்பு, சரிந்து நிற்கும் மரம், முன்பு இல்லாத இடத்தில் ஊற்று என்றால், உறுதி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

வெளிநாட்டுச் சொந்தங்களின் பெயரில் எழுதலாமா என்று பலர் கேட்கிறார்கள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜைக்குக் காணியை விற்க முடியாது, குத்தகை 99 வருடம் வரை கொடுக்கலாம். இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. கனடாப் பிரஜையாகிவிட்ட மாமா காசு அனுப்புகிறார் என்றால், உறுதியில் இங்கே இருக்கும் யாருடைய பெயர் போகிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர். அதைக் குடும்பத்தில் எல்லோரும் முன்கூட்டியே பேசி, நொத்தாரிசு முன்னாலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.