திருச்சியில் தரைக்கு வினைல் போட ஆள் பிடித்த அனுபவம்

லீவில் ஊருக்குப் போய், இருக்கும் நாட்களுக்குள் அப்பா அம்மா வீட்டில் ஒரு வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு வரலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடையைத் தேடாதீர்கள், போடுகிற ஆளைத் தேடுங்கள். ஷோரூம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் உங்கள் வீட்டுத் தரையில் முட்டி போட்டு உட்காரப் போவது அந்த ஆள்தான். பெரும்பாலும் அவர் அந்தக் கடையில் வேலை செய்பவரே இல்லை, அன்றைக்குக் கூப்பிட்டதால் வந்தவர்.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் போகிற பக்கம். எண்பதுகளில் கட்டியது, மொசைக் தரை. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிந்து வாக்கர் வைத்து நடக்கிறார். மார்கழிக் காலையில் அந்தத் தரையில் கால் வைத்தால் ஜில்லென்று எலும்பு வரைக்கும் ஏறும், கொஞ்சம் ஈரம் பட்டால் வழுக்கும். கட்டிலோரம் பவானி ஜமக்காளத்தை மடித்துப் போட்டிருந்தார்கள். பிசியோதெரபிஸ்ட் வந்த அன்றே, வாக்கர் கால் இதில் சிக்கினால் மறுபடி ஆஸ்பத்திரிதான் என்று சொல்லி அதைச் சுருட்டிப் பரணில் ஏற்றச் சொல்லிவிட்டார். ஆக, நகராத, வழுக்காத, தரையோடு ஒட்டிய ஏதாவது ஒன்று வேண்டும். 2024 டிசம்பர் கடைசியில் நான் போனபோது எனக்குக் காத்திருந்த வேலை இதுதான்.

நான் இருப்பது கனடாவில், மிசிசாகாவில். அங்கே படுக்கையறைக்குச் சுவரோடு சுவர் கார்பெட் சர்வ சாதாரணம். சுவரோரம் ஆணிப்பட்டை அடித்து, அடியில் பஞ்சு மாதிரி ஒரு ஷீட் போட்டு, முழங்காலால் உதைத்து உதைத்து கார்பெட்டை இழுத்து மாட்டுவார்கள். பழைய கார்பெட்டைக் கிழித்து எடுக்கத் தனிக் காசு, கட்டிலை நகர்த்தத் தனிக் காசு, படிக்கட்டென்றால் ஒவ்வொரு படிக்கும் காசு. அங்கேயும் பெரிய கடைகள் வெளி ஆட்களைத்தான் அனுப்புகின்றன, அதில் நம்மூரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எதற்கு எவ்வளவு என்று முதலிலேயே தாளில் இருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு ஊரில் இறங்கியதால்தான் எனக்கு எரிச்சல் கொஞ்சம் கூடுதலாக வந்தது என்று நினைக்கிறேன்.

சித்தப்பா மகன் பிடித்துக் கொடுத்த முதல் கம்பெனி ஊருக்குள் நல்ல இடத்தில் ஏசி ஷோரூம் வைத்திருக்கிறது. பேர் வேண்டாம். அளவெடுக்க வந்த பையன் நேராக கார்பெட் சாம்பிள் புத்தகத்தைத்தான் விரித்தான், ஃபாரின் பார்ட்டி என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். திருச்சிப் புழுதிக்கும் அப்பாவின் இருமலுக்கும் கஞ்சி கொட்டினால் வருகிற எறும்புக்கும் கார்பெட் எந்தக் காலத்திலும் சரிப்படாது என்று சொல்லி, வழுக்காத வினைல் ஷீட், அதாவது ரோலாக வருகிற, தரையில் ஒட்டுகிற பிளாஸ்டிக் விரிப்பு, காட்டச் சொன்னேன். காசு கொடுப்பது நான், கேள்வி கேட்பது நான், ஆனால் அவன் பதில் சொன்னதெல்லாம் என் சித்தப்பா மகனைப் பார்த்து. சித்தப்பா மகனுக்கு வயது இருபத்திரண்டு.

கொட்டேஷன் வந்ததும்தான் விஷயம் புரிந்தது. அறை 12க்கு 14, அதாவது 168 சதுர அடி. கொட்டேஷனில் 236 சதுர அடி. வேஸ்டேஜ் மேடம் என்றார்கள். இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், பலபேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். வினைல் ரோல் சாதாரணமாக 2 மீட்டர் அகலம் வரும், ஆறரை அடிக்குக் கொஞ்சம் மேலே. 14 அடி நீளவாக்கில் ஷீட்டை ஓட்டினால் 12 அடி அகலத்துக்கு இரண்டு ஷீட் போதும், சுமார் 184 சதுர அடியில் வேலை முடிந்தது. குறுக்குவாக்கில் ஓட்டினால் மூன்று ஷீட் வேண்டும், மூன்றாவது ஷீட்டில் ஒரு அடிக்குக் கிட்ட மட்டும் பயன்படும், மிச்சமெல்லாம் குப்பை. அவர்கள் கணக்குப் போட்டது அப்படி. குறுக்கே போட்டால் ஜாயிண்டும் ஒன்றுக்கு இரண்டு, அதில் ஒன்று அம்மா கட்டிலிலிருந்து பாத்ரூமுக்கு நடக்கிற வழியில் நடுவாக வரும். ஏன் இப்படி என்று கேட்டதற்கு டிசைன் இந்தப் பக்கமாகத்தான் ஓடும் என்றார்கள். டிசைன் மரக்கட்டை மாதிரி வரி, எந்தப் பக்கம் ஓடினால் யாருக்கு என்ன?

சரி என்று பேசி நீளவாக்குக்கு மாற்றி, பத்தாயிரம் அட்வான்ஸ் சித்தப்பா மகனின் ஜிபேயில் போனது. கனடா நம்பரிலேயே யுபிஐ வைத்துக்கொள்ளலாம் என்று 2023லேயே வந்துவிட்டது, வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இந்திய பேங்கில் வைத்துக்கொள்கிற என்ஆர்ஓ அக்கவுண்ட் இருந்தால் போதும், நான்தான் அதற்கு பேங்க் படி ஏற நேரமில்லாமல் இருந்தேன்.

அதற்கப்புறம் நாளைக்கு, நாளைக்கு. ஒருநாள் வேறு சைட்டில் மாட்டிக்கொண்டார்கள், ஒருநாள் வண்டி இல்லை. ஜனவரி 10 வைகுண்ட ஏகாதசி, அதற்கு முந்தின நாளே ஸ்ரீரங்கத்துக்குள் சாமான் வண்டி வருவது பெரும்பாடு, பரமபத வாசல் கூட்டத்தில் ஆட்டோவையே தெருமுனையில் நிறுத்திவிடுவார்கள், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது திருச்சிக்காரருக்கு வருஷா வருஷம் தெரிந்த விஷயம்தானே, அந்த வாரத்தைப் பார்த்து எதற்குத் தேதி கொடுக்க வேண்டும்? 14ஆம் தேதி பொங்கல், அதற்கு முன்னால் முடிக்கவில்லை என்றால் ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், கரிநாள் காணும் பொங்கல் எல்லாம் முடிந்து அவர்கள் திரும்புவதற்குள் என் ஃப்ளைட்.

ஒருவழியாக இரண்டு பேர் வந்தார்கள். அறையைப் பார்த்தார்கள், இரும்பு பீரோவைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பீரோவச் சுத்தி வெட்டிப் போட்டுடலாம் மேடம், அடியில யாரு பாக்கப் போறா?" பீரோவை நகர்த்துவது ரேட்டில் இல்லையாம், கடையில் பேசிக்கொள்ளச் சொன்னார்கள். கடைக்குப் போன் போட்டால் அதெல்லாம் ஃபிட்டர் பார்த்துக்கொள்வார் என்கிறார்கள். தரையில் ஒரு மூலையில் மொசைக் விரிசல் விட்டிருந்தது, அதையாவது அடைப்பீர்களா என்றால் ஷீட் போட்டால் தெரியாது என்று பதில். தெரியாதுதான், ஆறு மாதத்துக்கு. மெல்லிய வினைல் அடியில் இருக்கும் மேடு பள்ளத்தை அப்படியே மேலே காட்டிக்கொடுக்கும். அப்பா அதுவரை ஈஸி சேரில் பேப்பருக்குப் பின்னால் இருந்தவர், பேப்பரை மடித்துவைத்துவிட்டு, "நீங்க காபி சாப்டுட்டு கிளம்புங்கப்பா" என்றார். அதோடு முதல் கம்பெனி கதை முடிந்தது, அட்வான்ஸைத் தவிர.

இரண்டாவது ஆள் கிடைத்தது பிசியோதெரபிஸ்ட் மூலமாக. அவர் கிளினிக்கில் போட்டிருந்த தரையை நான் கவனித்திருந்தேன். தினமும் பத்துப் பதினைந்து பேர் வாக்கரும் தடியுமாக நடக்கிற இடம், ஜாயிண்ட் எங்கே என்று குனிந்து தேடினால்தான் தெரிகிறது, வாசலோரம் கிளம்பவில்லை. போட்டு மூன்று வருடம் ஆகிறது என்றார். விசாரிப்பதென்றால் இதுதான் விசாரிப்பு. சாம்பிள் புத்தகம் எல்லாரிடமும் ஒன்றுபோலத்தான் இருக்கும், மூன்று வருடம் மிதிபட்ட தரை பொய் சொல்லாது.

வந்தவர் நடுவயது, முசிறிப் பக்கம். என்னை அக்கா என்றார், அம்மாவை அம்மா என்றார், ஷூ ரேக்கை அவரே நகர்த்திவிட்டு உள்ளே வந்தார். சாம்பிள் எதையும் காட்டவில்லை. சமையலறையிலிருந்து ஒரு பாலிதீன் கவர் வாங்கி இரண்டாகக் கிழித்து, பாத்ரூம் சுவரோரம் ஒன்று, கட்டிலுக்கு அடியில் ஒன்று என்று தரையில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டினார். "நாளைக்கு வந்து பாக்கறேன், அதுவரைக்கும் பிரிக்காதீங்க." மறுநாள் கட்டிலடிக் கவர் காய்ந்திருந்தது, பாத்ரூம் சுவரோரக் கவரின் உள்பக்கம் பொடிப்பொடியாக நீர் கோத்திருந்தது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற ஊரில் கீழ்த்தளத்தில் ஈரம் ஏறுவது அதிசயமில்லை, ஆனால் ஒரு பக்கம் மட்டும் என்றால் பாத்ரூம் பைப்பாக இருக்கும் என்றார். பிளம்பர் வந்து தட்டிப் பார்த்து ஒரு எல்போவை மாற்றினார். அந்த மூலையைக் காயவிட்டு அப்புறம்தான் ஒட்டுவேன், இப்போது ஒட்டினால் பசை நிற்காது என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். என் ஃப்ளைட் தேதியைச் சொல்லிப் பார்த்தேன். "நீங்க போயிடுவீங்க அக்கா, அம்மாதான் இதுல நடக்கணும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது, ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை.

மற்ற இடமெல்லாம் பொங்கலுக்கு முன்னாலேயே போட்டுக் கொடுத்தார். முந்தின நாளே ஷீட்டைக் கொண்டுவந்து மாடியில் வெயிலில் விரித்தார், ரோல் சுருக்கம் போகட்டும் என்று. கூட வந்த பையனும் அவரும் பீரோவுக்கு அடியில் கோணிச்சாக்கை நுழைத்து, ஒரு கீறல் இல்லாமல் ஹாலுக்கு இழுத்தார்கள். விரிசலை அடைத்து, சுரண்டித் துடைத்து, அப்புறம் பசை. இரண்டு ஷீட்டும் சேரும் இடத்தை எப்படி வெட்டினார் என்பதைத்தான் நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றன் ஓரத்தை மற்றதன்மேல் இரண்டு விரல் அளவு ஏற்றிவிட்டு, மரவரிகள் பொருந்துகிற மாதிரி சரிபார்த்து, இரும்பு ஸ்கேலை வைத்து, புது பிளேடு மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் இரண்டு ஷீட்டையும் சேர்த்து வெட்டினார். மேலே ஒரு துண்டு கையோடு வந்தது, அடித்துண்டை உருவி எடுத்தார், இரண்டு ஓரமும் தானாகப் பொருந்தி உட்கார்ந்தன. வெட்டு கொஞ்சம் வளைந்திருந்தாலும் பரவாயில்லை, இரண்டிலும் ஒரே மாதிரிதானே வளையும் என்றார். அவருக்கு அது வளையவே இல்லை.

பசை வாடை தலையைச் சுற்றும். எஸ்ஆர் 998 வகை ரப்பர் பசை, சட்டென்று பிடிக்கும், ஆனால் ஆவி தீப்பிடிக்கும். பூஜை அலமாரி பக்கத்து அறையில், அம்மா சாயங்காலம் விளக்கேற்றப் போனவரைத் தடுத்து, வாடை போகும்வரை வாசல் திண்ணையில் ஏற்றிக்கொள்ளச் சொன்னார். ஜன்னல்களைத் திறந்துபோட்டு, இரண்டு ராத்திரி அப்பாவும் அம்மாவும் ஹாலில் படுத்தார்கள். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் இதை முதலிலேயே யோசித்துவிடுங்கள்.

நிலைவாசலில் அலுமினியப் பட்டி அடிப்பார்கள். சாதாரணமாக அடிப்பது நிமிர்ந்த பட்டி, கால் விரலில் இடிக்கும், வாக்கர் தடுக்கும். சரிவாக இறங்குகிற பட்டி கேளுங்கள், கடையில் இருக்கும், கேட்டால்தான் எடுப்பார்கள். கதவு அடியில் உரசியது, அதற்குத் தச்சர் தனியாக வந்து இழைத்துவிட்டுப் போனார். வாக்கர் காலில் இருந்த கறுப்பு ரப்பரை மாற்றச் சொன்னார் முசிறிக்காரர், கறுப்பு ரப்பர் நாள்பட ஒரே இடத்தில் நின்றால் வினைலில் மஞ்சள் கறை விழுமாம், அது தேய்த்தாலும் போகாது. பாத்ரூம் வாசல் ரப்பர் மிதியடிக்கும் அதே கதைதான். கடைக்காரர் யாரும் இதைச் சொல்வதில்லை.

காசு விஷயம். 2 எம்எம் ஷீட் சதுர அடி 70 ரூபாய், 184 சதுர அடிக்கு 12,880. கூலி அடிக்கு 12. பீரோ நகர்த்தியதற்குத் தனியாகக் கேட்கவில்லை, நானாகக் கொடுத்தேன். ஷீட் கடையில் வழக்கம்போல பில் வேண்டுமா வேண்டாமா என்றார்கள், பில் என்றால் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும். அப்பா வேண்டாம் என்றார், நான் போடச் சொன்னேன், பில் இல்லாத வாரண்டியைக் காட்டி எங்கே போய்க் கேட்பது? கூலியில் கொஞ்சம் நிறுத்திவைத்து, மூலையை ஒட்டியதும் சித்தப்பா மகன் கொடுப்பதாகப் பேச்சு.

ஒரே ஒரு தகராறு, கழுவுவது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் வாளி வாளியாக ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் தள்ளுவதுதான் சுத்தம். வினைலில் அது கூடாது, ஜாயிண்ட் வழியாக இறங்கினால் பசை போய்விடும், பிழிந்த மாப்தான் போட வேண்டும். வேலைக்கு வருகிற அக்காவுக்கு இது பிடிக்கவே இல்லை. தொடைக்கறதெல்லாம் ஒரு சுத்தமா என்று என்னிடமே கேட்டார். நான் இருக்கும்வரை துடைத்தார்.

மூலையைத் தை கடைசியில் சொன்னபடி வந்து ஒட்டிவிட்டார், வீடியோ காலில் காட்டினார்கள். ஐப்பசி மழையில் நிலைவாசலோரம் ஒரு சாண் அளவு கிளம்பியது, போன் போட்டதும் இரண்டு நாளில் வந்து ஒட்டிக் கொடுத்துவிட்டு ஆட்டோ காசு மட்டும் வாங்கிக்கொண்டாராம். வாளித் தண்ணீர்தான் காரணம் என்று எனக்குச் சந்தேகம், அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

முதல் கம்பெனி பத்தாயிரத்தில் ஐயாயிரம் திருப்பிக் கொடுத்தது, ஷீட் வெட்டியாகிவிட்டது என்று மீதியைப் பிடித்துக்கொண்டார்கள். வெட்டிய ஷீட்டை யாரும் பார்க்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன், அதற்கப்புறம் போன் எடுக்கிறார்கள், திங்கட்கிழமை போட்டுவிடுகிறோம் மேடம் என்கிறார்கள். எந்தத் திங்கட்கிழமை என்று மட்டும் சொல்வதில்லை.