அம்மாவின் லேண்ட்லைன் ஃபைபருக்கு மாறியது: இரண்டு மழைக்கால அனுபவம்

கும்பகோணத்தில் தனியாக இருக்கும் அம்மாவின் லேண்ட்லைனைச் செம்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாற்றி இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டது. பேச்சு தெளிவாகக் கேட்கிறது. மழை வந்தால் தொடங்கும் கரகரப்பு போயே போய்விட்டது. நம்பரும் பழையதுதான். வீட்டுப் பெரியவர்களுக்கு மாற்றலாமா என்று கேட்டால் தாராளமாக மாற்றுங்கள் என்பேன். ஆனால் முதலில் கரண்டுக்கு வழி செய்துவிடுங்கள்.

பழைய லைனில் போனுக்கு வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் பேட்டரியிலிருந்து கம்பி வழியாகவே வந்தது. தெருவே இருட்டில் கிடந்தாலும் டயல் டோன் இருக்கும். ஃபைபர் கண்ணாடி இழை. அதில் ஒளி போகும், மின்சாரம் போகாது. அந்த ஒளியைப் போனுக்கு ஏற்றபடி மாற்றித் தரும், சுவரில் மாட்டும் மோடம் வீட்டுக் கரண்டில்தான் ஓடுகிறது, அது நின்றால் போனும் நின்றுவிடும். இணைப்பு கொடுக்க வந்தவர் இதைச் சொல்லவே இல்லை. முதல் பவர்கட்டில் ரிசீவரை எடுத்த அம்மா, லைனையே வெட்டிவிட்டார்கள் என்று பயந்துபோனார். அவசரத்துக்கு 112ஐ அழைக்க அவர் நம்பியிருப்பதும் அந்தப் போனைத்தான்.

மோடத்துக்கென்றே மினி யுபிஎஸ், அதாவது கரண்டு நின்றால் கைகொடுக்கும் சின்ன பேட்டரிப் பெட்டி, கிடைக்கிறது. அடாப்டரில் போட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பார்த்துப் பொருத்தமானதை வாங்குங்கள். சில மணி நேரம் தாங்கும். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க நிறுத்தும் நாளில் போதாது. அதற்கு ஒரு பட்டன் செல்போன் சார்ஜோடு பக்கத்தில் இருக்கட்டும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும், மோடம் மாட்டும் பிளக் அந்த லைனில் வருகிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும்தான் இழுத்திருப்பார்கள்.

அப்புறம், பெரியவர்கள் கைபழகிய போனை மாற்றவே மாற்றாதீர்கள். மோடம் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். அதன் போன் போர்ட்டிலிருந்து பழைய இடம் வரை ஒயர் இழுக்கச் சொல்லுங்கள். மோடம் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாமே என்பார்கள், விடாதீர்கள். அம்மா கட்டிலில் படுத்தபடி, பார்க்காமலே கைநீட்டிப் போனை எடுப்பவர். கார்ட்லெஸ் வேண்டாம், அதன் ஸ்டாண்டுக்கும் கரண்டு வேண்டும். சுழற்றும் டயல் போன் பல மோடங்களில் வேலை செய்யாது.

மோடத்தில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை, பெரும்பாலும் வெளியே இழை அறுந்திருக்கும். அந்த விளக்கை மட்டும் அம்மாவுக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். இப்போதெல்லாம் செல்லில் கூப்பிட்டு, "சிவப்பு எரியுதுடா, கம்ப்ளெயிண்ட் போடு" என்று அவரே சொல்லிவிடுகிறார்.