கால்மிதி வாங்க ஆலப்புழை

ஆலப்புழை வரை போய்விட்டுப் படகு வீட்டில் ஏறாமல் திரும்பியவள் நான். போனது கால்மிதி வாங்க. எங்கள் ஊர் குமரி மாவட்டத்து ஈத்தாமொழி. "ஈத்தாமொழிக்காரிக்குக் கயிறு வாங்க ஆலப்புழையா?" என்று வீட்டில் கேலி. நம்ம பக்கம் தும்பும் (தேங்காய் நார்) கயிறும் உண்டு, சரிதான். ஆனால் தறியில் நெய்த கால்மிதிக்குப் பேர்போன ஊர் ஆலப்புழை. 1859-இல் ஜேம்ஸ் டாரா என்பவர் அங்கே கயிறு ஆலை தொடங்கியதிலிருந்து வந்த பேர்.

முதலில் கலவூரில் கயிறு வாரியத்தின் அருங்காட்சியகம். ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். கயிறு திரிக்கும் ராட்டு முன்னால்தான் நின்றுவிட்டேன். ஆச்சி மடியில் தும்பைக் கட்டிக்கொண்டு, பின்னாலேயே நடந்து நடந்து இழை விடுவாள். சக்கரம் சுற்றுவது என் வேலை. கொஞ்சம் வேகம் கூடினால் இழை முறுக்கேறிச் சுருண்டுவிடும், ஏச்சு விழும். பச்சைக் கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, காயல் தண்ணீரில் ஆறு முதல் பத்து மாதம் அழுகப்போட்டு, கட்டையால் அடித்து எடுப்பதுதான் அந்த வெள்ளைத் தும்பு. அந்த நாற்றம் சோப்பு போட்டாலும் கையை விடாது. அருங்காட்சியகத்தில் எனக்குக் குறைந்தது அது ஒன்றுதான்!

அப்புறம் கடை. படகுத்துறைப் பக்கம் ஒன்றில், "கைத்தறியாணு சேச்சி" என்று ஒன்றை எடுத்து நீட்டினார்கள். திருப்பினேன். பின்பக்கம் வழவழவென்று பிவிசி பிளாஸ்டிக். தும்பை வெட்டி இயந்திரம் அதில் நட்டுவைத்த சரக்கு. மோசமில்லை, விலையும் குறைவு, வாசலுக்கு அதுவும் போதும். ஆனால் கைத்தறி என்று சொல்லி விற்கக் கூடாது. பிவிசி பூசாத தறிமிதியைத் திருப்பினால் நீளவாக்கில் கட்டிய பாவுக் கயிறு வரிவரியாக ஓடுவது கண்ணுக்குத் தெரியும். நீங்களும் வாங்கும் முன் திருப்பிவிடுங்கள்.

உள்தெருவில் ஒரு பெரியவர் கடையில் கிடைத்தது நான் தேடியது. சாயம் போடாதது, நல்ல கனம். 450 ரூபாய் சொன்னார், பேரம் பேச மனம் வரவில்லை. முதல் இரண்டு வாரம் தும்புத்தூள் கொட்டியது. தினமும் திண்ணையில் தட்டிப்போட்டேன், பிறகு நின்றுவிட்டது. இப்போது மழை. பிள்ளைகள் சேற்றுக்காலோடு ஏறி மிதிக்கிறார்கள், ஓரத்தில் ஒரு இழைகூடப் பிரியவில்லை. பின்வாசலுக்கும் ஒன்று சேர்த்து வாங்கியிருக்கலாம்.