ரொட்டவேற்றருக்குப் பழைய ஷாப்டா, புதிய ஷாப்டா?

போன காலபோகத்துக்கு முன், ட்ரக்டரின் பின்னால் பூட்டி மண்ணைக் கிளறும் ஐந்தடி ரொட்டவேற்றர் ஒன்று கைமாறி வாங்கினேன். ட்ரக்டரின் பின்பக்கத்தில் சுற்றும் பி.ரி.ஓ. தண்டிலிருந்து கருவிக்கு வலுவைக் கொண்டுபோகும் ஷாப்ட் இல்லாமல்தான் வந்தது. கொட்டிலில் சூடடிக்கும் மெசினுடைய பழைய ஷாப்ட் கிடந்தது, கடையில் புதியது இருந்தது. பழையதைப் பூட்டி மூன்று கிழமை ஓட்டினேன். அப்புறம் புதியதை வாங்கினேன். இப்போது யாராவது கேட்டால் தயங்காமல் புதியதைத்தான் சொல்வேன்.

பி.ரி.ஓ. தண்டின் பல்லோடு பொருந்துவதில் இரண்டுக்கும் பிரச்சினை இல்லை. எங்கள் ஊர் ட்ரக்டர்களில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 540 சுற்று, 6 பல், 35 மி.மீ. தண்டுதான். 21 பல் இருந்தால் அது 1000 சுற்றுக்குரியது, பக்கத்திலேயே வைக்க வேண்டாம்.

தடிப்பில் வித்தியாசம் தொடங்குகிறது. என் ட்ரக்டரின் பி.ரி.ஓ. ஏறத்தாழ 40 குதிரைவலு, அதாவது 30 கிலோவாட். கிலோவாட்டை 9550 ஆல் பெருக்கிச் சுற்றால் வகுத்தால் முறுக்கு விசை வரும். 540 சுற்றில் அது 530 நியூட்டன் மீற்றர். அதே வலு 1000 சுற்றில் 286 தான். ஆகவே மெதுவாகச் சுற்றுகிற ஷாப்ட்தான் கூடுதலாகத் தாங்க வேண்டும். ஷாப்ட் எவ்வளவு தாங்கும் என்பதை, அதன் மூட்டுகளில் இருக்கும் சிலுவைத் துண்டான குறொஸ் காட்டிக்கொடுக்கும். பழையதில் குறொஸின் முனையில் இருக்கும் கப்பின் விட்டம் 27 மி.மீ., முனைக்கு முனை 74.6. அந்த வகை 540 சுற்றில் 35 குதிரைவலு அளவுக்குத்தான் சொல்லப்படுகிறது. புதியது 30.2க்கு 80, அது 47 வரை போகும். சூடடிக்கிற வேலைக்குப் பழையது தாராளம். கோப்பாய்ச் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. கத்தி கல்லில் படும்போது வருகிற இடி வேறு.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது தடிப்பு அல்ல, நீளம்.

ஷாப்ட் என்பது ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருக்கும் இரண்டு குழாய். கருவி ஏறி இறங்கும்போது அது நீண்டு குறுகும். மிகக் குறுகும் இடத்தில் குழாய் முட்டக் கூடாது, குறைந்தது 25 மி.மீ. இடைவெளி மிஞ்ச வேண்டும். மிக நீளும் இடத்தில் குழாயின் மூன்றில் ஒரு பங்காவது உள்ளே இருக்க வேண்டும். முட்டினால் ட்ரக்டரின் பின்பக்க பெயரிங்கும் ரொட்டவேற்றரின் கியர்பொக்ஸும் அடி வாங்கும். உள்ளே இருப்பது குறைந்தால் குழாய் வளையும், இல்லாவிட்டால் கழன்று வரும்.

எனக்குக் கழன்று வந்தது. கைதடியில் வயல் உழுதுவிட்டு வரம்பு ஏறும்போது ட்ரக்டரின் முன்பக்கம் தூக்கியது, ரொட்டவேற்றர் பின்னால் தாழ்ந்தது. ஒரு சத்தம். ட்ரக்டர் பக்கத்துத் துண்டு சுற்றிச் சுற்றி, கருவியைத் தாங்கும் கீழ்க்கையில் அடித்தது. நான் கிளச்சை மிதிப்பதற்குள் நாலைந்து அடி. அந்த நேரம் பின்னால் ஒருவரும் நிற்கவில்லை. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. மறுநாள் அளந்து பார்த்தேன். பழைய ஷாப்டின் குழாய் 33 செ.மீ., சமதரையிலேயே மிக நீளும் இடத்தில் உள்ளே இருந்தது 8 செ.மீ. மட்டும். கால் பங்குகூட இல்லை.

லேத் பட்டறையில் இருந்த தம்பி, "அண்ணை, நடுவில ஒரு துண்டு வைச்சு ஒட்டிவிடுறன், காணும்" என்றான். செலவு மிகக் குறைவு. நல்ல மனதோடுதான் சொன்னான். ஆனாலும் மறுத்துவிட்டேன். ஒட்டுகிற சூட்டில் குழாய் சற்றே கோணினாலும் சுற்றும்போது உதறும். குறொஸைப் பிடிக்கும் இரண்டு பக்கத்து உள் கவைகளும் ஒரே நேரில் நிற்க வேண்டும், ஒட்டும்போது அது பிசகினாலும் உதறல்தான். குட்டையான ஷாப்டை நீட்டக் கூடாது, நீளமானதை வெட்டலாம்.

புதியதை அப்படித்தான் செய்தேன். ரொட்டவேற்றரைப் பூட்டி, மெதுவாகத் தூக்கி இறக்கி, ட்ரக்டரின் தண்டும் ரொட்டவேற்றரின் தண்டும் மிக நெருங்கும் இடத்தைக் கண்டுபிடித்தேன். பூட்டு ஊசி விழும் பள்ளத்திலிருந்து பள்ளத்துக்கு 72 செ.மீ. மிக விலகும் இடத்தில் 79. புதிய ஷாப்ட் மூடிய நிலையில் 81. உள் குழாயிலும் வெளிக் குழாயிலும் சமமாக 12 செ.மீ. வெட்டினேன், 69 ஆகிவிட்டது. 3 செ.மீ. மிச்சம், நீளும்போதும் முக்கால் பங்கு உள்ளே. ஷாப்டை மூடும் பிளாஸ்டிக் கவசத்திலும் அதே 12. வெட்டிய வாயை அரத்தால் தேய்த்து, இரும்புத் தூளைத் துடைத்து, கிறீஸ் பூசிச் சேர்த்தேன். அளப்பதற்கு முன் எஞ்சினை நிறுத்தித் திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். தூக்கிய கருவிக்குக் கீழே கட்டை வையுங்கள்.

கவசம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பழையதில் கவசமே இல்லை. 540 சுற்று என்றால் ஒரு செக்கனுக்கு 9 சுற்று. நாங்கள் வயலில் சாரத்தோடுதான் நிற்கிறோம். சாரத்தின் தலைப்பு பட்டால் கையை எடுக்க நேரம் இல்லை. கவசத்தின் சங்கிலியை ட்ரக்டரில் கொளுவிவிட்டால் கவசம் சுற்றாமல் நிற்கும். இந்தச் சங்கிலியை மறப்பவர்கள்தான் அதிகம்.

விலையில் பழையதை மிஞ்ச முடியாது, அது சும்மா கிடைத்தது. உங்கள் கொட்டிலில் கிடப்பது நீளமாக இருந்து, குறொஸும் போதுமானதாக இருந்தால் கவசம் மட்டும் வாங்கிப் போட்டு ஓட்டுங்கள், அதில் தவறில்லை.

புதியதில் வழுக்குக் கிளச் இருக்கிறது. பழையதில் உடையும் போல்ட். கல்லில் பட்டால் போல்ட் உடைந்து மாற்றும்வரை வேலை நிற்கும், கிளச் வழுக்கிவிட்டுத் தொடரும். நான் இரண்டு போகம்தான் பார்த்திருக்கிறேன், அதனால் நீண்டகாலத்துக்கு எது நல்லது என்று அடித்துச் சொல்லமாட்டேன். மாரி முடிந்து சும்மா நிற்கும்போது கிளச்சின் தட்டுகள் துருப்பிடித்து ஒட்டிவிடும் என்பது மட்டும் நிச்சயம். உழவு தொடங்குமுன் ஸ்பிரிங் நட்டுகளைத் தளர்த்தி, கொஞ்சம் வழுக்கவிட்டு, பழைய அளவுக்கே இறுக்க வேண்டும். அந்த ஸ்பிரிங் நீளத்தைக் கொட்டில் கதவில் சோக்கால் எழுதி வைத்திருக்கிறேன்.