பம்பை மட்டுமே நம்பிப் பால் சுரப்பை உண்டாக்குதல்: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிய வருபவை

வேலைக்குப் போகும் நேரத்தில் தாய்ப்பால் எடுத்து வைக்க பம்ப் வாங்குவது வேறு. குறைமாதத்தில் பிறந்து என்ஐசியுவில் (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருக்கும் குழந்தைக்காக, பிறந்த நாளிலிருந்தே பம்ப் செய்வது வேறு. முதலாவதில் குழந்தை சப்பிச் சப்பி சுரப்பை ஏற்கெனவே உண்டாக்கியிருக்கும். இரண்டாவதில் சுரப்பையே பம்ப்தான் உண்டாக்கியாக வேண்டும். "சத்தமில்லை, கையடக்கம்" என்று பம்புகளுக்குக் கிடைக்கும் பாராட்டுகள் பெரும்பாலும் முதல் வகைத் தாய்மார்களுக்கே பொருந்தும்.

முதல் சில வாரங்களுக்கு, மருத்துவமனைகளில் வைத்திருக்கும் வகையைச் சேர்ந்த டபுள் எலக்ட்ரிக் பம்பை வாடகைக்கு எடுப்பதே நல்லது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுப்பதால் நேரம் பாதியாகிறது, பாலும் கூடுதலாக வருகிறது. உள்ளாடைக்குள் வைக்கும் வயரில்லா பம்புகளைச் சுரப்பு நிலைத்த பிறகு பயன்படுத்தலாம், தொடக்கத்துக்கு அவை போதாது. கையால் இயக்கும் சிறிய பம்ப் ஒன்று உடன் இருக்கட்டும். கரண்ட் போகும் இரவில் அதன் அருமை தெரியும்.

முடிந்தால் பிரசவமான முதல் ஒரு மணி நேரத்திலேயே, தாமதமானாலும் 6 மணி நேரத்துக்குள், தொடங்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாட்களில் வரும் சீம்பால் கெட்டியானது, அளவும் குறைவு. பம்பில் எடுத்தால் பாதி, மார்பில் பொருத்தும் புனலிலும் பாட்டிலிலும் ஒட்டிக்கொண்டு வீணாகும். அதனால் பம்ப் முடிந்ததும் கையால் பீய்ச்சி, கரண்டியிலோ சிரிஞ்சிலோ பிடித்துக் கொடுங்கள். பல நேரம் ஒரு சொட்டுகூட வராது. அப்போதும் நிறுத்தாதீர்கள். அந்த நாட்களில் பம்ப் செய்வது மார்புக்கு விடுக்கும் அழைப்பு, பால் பின்னால் வரும்.

24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை எடுக்க வேண்டும். கடிகாரம் பார்த்துச் சரியாக 3 மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்தாக வேண்டும் என்பதில்லை. மாலையில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துவிட்டு இரவில் நான்கு மணி நேரம் தூங்கலாம். நாள் முடிவில் எத்தனை முறை என்பதுதான் கணக்கு. ஆனால் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் ஒரு முறையாவது எடுத்தாக வேண்டும். பால் சுரக்கச் செய்யும் ஹார்மோனான புரோலாக்டின் அந்நேரத்தில்தான் அதிகம். தவிர, நிரம்பிய மார்பில் பால் தேங்கினால், சுரப்பைக் குறைக்கச் சொல்லும் குறிப்பை உடல் தானே எடுத்துக்கொள்ளும்.

14ஆம் நாளில் நாளொன்றுக்கு 500 மி.லி.க்கு மேல் வர வேண்டும், 750 வந்தால் மிக நல்லது. 1.2 கிலோ குழந்தைக்கு முழு உணவே ஏறத்தாழ 180 மி.லி.தான், எதற்கு இவ்வளவு என்று தோன்றும். அந்தக் குழந்தை வளர்ந்த பின் தேவைப்படும் அளவை இப்போதே உடலுக்குப் பழக்கவில்லையென்றால், பிறகு கூட்டுவது கடினம். குழந்தை குடிக்கும் அளவோடு நிறுத்திக்கொள்வதுதான் அதிகம் காணப்படும் தவறு.

எடுக்கும் முறையில் கைகளுக்கும் பங்குண்டு. முதலில் மென்மையாக நீவிவிட்டு, வேகமான, இலேசான இழுப்பில் தொடங்குங்கள். பால் இறங்கியதும் மெதுவான, வலுவான இழுப்புக்கு மாற்றுங்கள். அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போய், சிரமம் தெரிந்ததும் ஒரு படி குறைத்தால் அதுவே உங்கள் அளவு. வலியைப் பொறுத்துக்கொண்டால் பால் இறங்குவது தடைபடும். ஓட்டம் குறையும்போது கட்டியாகத் தெரியும் இடங்களை இலேசாக அழுத்துங்கள். 15 முதல் 20 நிமிடம், சொட்டு நின்ற பின் மேலும் 2 நிமிடம் போதும். கடைசியில் கையால் பீய்ச்சி வரும் பாலில்தான் கொழுப்பு அதிகம்.

புனல் அளவு தவறினால் மற்ற எல்லாமே வீண். பெட்டியோடு வரும் 24 மி.மீ. புனல் பலருக்குப் பெரிது. காம்பின் அடிப்பகுதியின் விட்டத்தை மட்டும் அளந்து, அதைவிட 1 முதல் 3 மி.மீ. கூடுதலானதைத் தேர்ந்தெடுங்கள். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் நிறைய உள்ளே இழுபட்டால் புனல் பெரிது. காம்பு உரசி வெளுத்தால் சிறிது. சில வாரங்களில் அளவு மாறும், மறுபடி அளக்க வேண்டும்.

மாதக்கணக்கில் பயன்படுத்துவோர் "பால் குறைந்துவிட்டது" என்று பதறும் பல நேரங்களில், குறைந்திருப்பது பாலல்ல, இழுவிசை. புனலுக்கடியில் இருக்கும் சிலிக்கோன் வால்வு நாளொன்றுக்கு எட்டு முறை இயங்கி எட்டு முறை கழுவப்படுகிறது. அதன் பிளவு சற்றே வாய் திறந்தாலும் காற்று கசியும். மோட்டார் வழக்கம்போலவே ஒலிப்பதால் சந்தேகம் வராது. வெளிச்சத்தில் பிடித்து, பிளவு முழுதாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை மாற்றுவதும், உதிரி ஒரு ஜோடி எப்போதும் வைத்திருப்பதும் நல்லது. டியூபில் ஈரம் தெரிந்தால், புனலைக் கழற்றிவிட்டு இரண்டு நிமிடம் பம்பை ஓடவிடுங்கள். பூஞ்சை கண்டால் டியூபைத் தூக்கிப் போடுங்கள்.

ஒவ்வொரு முறையும் பாகங்களைத் தனிப் பாத்திரத்தில், தனி பிரஷால் சோப்புநீரில் கழுவி, காற்றில் உலர்த்தி, நாளுக்கு ஒருமுறை கொதிக்க வைக்க வேண்டும். கழுவாமல் ஃபிரிட்ஜில் வைத்து அடுத்த முறைக்கு எடுக்கும் குறுக்குவழி குறைமாதக் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். ஆரோக்கியமான குழந்தைக்கு எடுத்த பாலை அறை வெப்பத்தில் 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள் வரை வைக்கலாம். என்ஐசியு குழந்தைக்கு அங்கே சொல்லும் காலவரையே இறுதி.

மார்பில் கட்டி வலித்தால் அழுத்தித் தேய்க்கவோ, கூடுதலாக பம்ப் செய்யவோ வேண்டாம். இரண்டும் வீக்கத்தைக் கூட்டும். வழக்கமான அளவே எடுத்து, குளிர் ஒத்தடம் கொடுங்கள். காய்ச்சலும் சேர்ந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். ஒழுங்காக எடுத்தும் முதல் வாரத்தில் பால் பெருகவேயில்லை என்றால், நஞ்சுக்கொடித் துண்டு உள்ளே தங்கியிருக்கிறதா, தைராய்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும், சூடோஎஃபெட்ரின் உள்ள சளி மாத்திரையும் சுரப்பைக் குறைக்கும்.

குழந்தையை வெறும் நெஞ்சோடு அணைத்து வைத்திருந்துவிட்டு உடனே எடுத்தால் அளவு கூடும். அனுமதி கிடைத்த நாளிலிருந்து இதைத் தவறவிடாதீர்கள். குழந்தை சப்பத் தொடங்கியதும் பம்பை ஒரேயடியாக நிறுத்திவிடக் கூடாது. குறைமாதக் குழந்தை சீக்கிரம் களைத்து, மார்பைக் காலி செய்யாமலே தூங்கிவிடும். பாலூட்டியபின் மீதத்தை பம்பில் எடுத்து, ஊட்டுவதற்கு முன்னும் பின்னும் குழந்தையின் எடை பார்த்து, அது தானே குடிக்கும் அளவு கூடக் கூட, பம்ப் செய்யும் எண்ணிக்கையைச் சில நாட்களுக்கு ஒன்று வீதம் குறையுங்கள்.