ஒரே சிலிண்டரில் 30 நிமிடமா, 41 நிமிடமா?

ஸ்கூபா டைவிங்கில் படகிலிருந்து குதிக்கும்போது, சிலிண்டரில் உள்ள காற்றின் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் எல்லாருக்கும் 200 பார்தான் காட்டும். அரை மணி நேரம் போனால் ஒருவருக்கு 50, பக்கத்தில் இருப்பவருக்கு 100. முன்னவரால் மொத்தக் குழுவும் மேலே வர வேண்டியிருக்கும். அந்தச் சங்கடம் தீர அவருக்கு யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை: பெரிய சிலிண்டர் கேள், சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரை நல்லதாக வாங்கு, ஆக்சிஜன் கூட்டிய நைட்ராக்ஸ் எடு, பிராணாயாமம் பழகு, மூச்சை அடக்கி அடக்கி விடு. இவற்றில் சில பலன் தரும், சில செலவு மட்டும் வைக்கும், ஒன்று ஆபத்து.

எதையும் ஒப்பிடுமுன் அளவு வேண்டும். "காற்று சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது" என்பது அளவல்ல. செலவான பாரைச் சிலிண்டரின் கொள்ளளவால் பெருக்குங்கள், நிமிடங்களால் வகுங்கள், சராசரி ஆழத்தின் அழுத்தத்தால் இன்னொரு முறை வகுங்கள். மேற்பரப்பில் 1 பார், பிறகு ஒவ்வொரு 10 மீட்டருக்கும் 1 பார். ஆகவே 14 மீட்டரில் 2.4. வாடகைக்குப் பரவலாகக் கிடைக்கும் 'அலுமினியம் 80' என்ற வகைச் சிலிண்டர் 11.1 லிட்டர் கொள்ளும். அதில் 150 பார் 30 நிமிடத்தில் போனால் 1665 லிட்டர், நிமிடத்துக்கு 55.5; 2.4-ஆல் வகுத்தால் மேற்பரப்புக் கணக்கில் 23 லிட்டர். புதியவர்களிடம் சாதாரணமாகப் பார்க்கிற எண்தான் இது. கணக்கில் அதிகபட்ச ஆழத்தைப் போட்டுவிடாதீர்கள், எண் அழகாக வரும், பொய்யாகவும் வரும். டைவ் கம்ப்யூட்டர் சராசரி ஆழத்தைத் தனியாகவே காட்டும்.

இனி அதே டைவர், 200-லிருந்து, கையிருப்பாக விடும் 50 பார் வரை, வெவ்வேறு வழிகளில்:

| வழி | சராசரி ஆழம் | நிமிடத்துக்கு | நீருக்கடியில் |
|---|---|---|---|
| அலுமினியம் 11.1 லி | 14 மீ | 23 லி | 30 நிமிடம் |
| இரும்பு 12 லி | 14 மீ | 23 லி | 33 நிமிடம் |
| இரும்பு 15 லி | 14 மீ | 23 லி | 41 நிமிடம் |
| அலுமினியம், சற்று மேலே | 11 மீ | 23 லி | 34 நிமிடம் |
| அலுமினியம், பழக்கம் திருந்தி | 14 மீ | 17 லி | 41 நிமிடம் |

மூன்றாவது வரியையும் கடைசி வரியையும் சேர்த்துப் பாருங்கள். நிமிடக் கணக்கில் இரண்டும் ஒன்றே. ஆனால் 15 லிட்டர் இரும்பு நிரப்பிய பின் 20 கிலோவைத் தாண்டும், அதைச் சுமந்துகொண்டு அலையடிக்கும் ஏணியில் ஏற வேண்டும். 23 என்ற எண்ணும் அப்படியே இருக்கும்.

இரும்பு 12-க்கு ஒரு நியாயம் உண்டு, அது காற்றின் அளவில் இல்லை. அலுமினியம் 80 முழுதாக இருக்கும்போது லேசாக மூழ்கும். உள்ளே இருக்கும் இரண்டரைக் கிலோவுக்கும் மேலான காற்று தீரத் தீர, மேல்நோக்கி இழுக்க ஆரம்பிக்கும். காலியானால் சுமார் 2 கிலோ மிதப்பு. அதை ஈடுகட்டத்தான் இடுப்பில் கூடுதல் ஈயம். இரும்பு காலியானாலும் மிதக்காது, அதனால் அந்த 2 கிலோவைக் கழற்றிவிடலாம். இதோடு 230 பார் வரை நிரப்பித் தந்தால் அட்டவணையின் 33 நிமிடம் 39 ஆகும். 200-தான் நிரப்புவார்கள் என்றால் கூடுதல் வாடகைக்கு அர்த்தமில்லை. முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஈயம் என்று வந்தபின் அதில் கொஞ்சம் நிற்கத்தான் வேண்டும், ஏனென்றால் 23-ஐ 17 ஆக்கும் வேலையில் பெரும்பங்கு இங்கேதான். 3 கிலோ அதிகம் கட்டியவர் அதை ஈடுகட்ட, மிதப்பைக் கூட்டிக் குறைக்க அணியும் ஜாக்கெட்டில் 3 லிட்டர் காற்று ஏற்றுகிறார். 14 மீட்டரில் அதன் விலை 7 லிட்டர் சொச்சம், அதாவது சிலிண்டரில் ஒரு பார்கூட இல்லை. நஷ்டம் ஜாக்கெட்டுக்குள் போகும் காற்றில் இல்லை. உப்பிய ஜாக்கெட் நெஞ்சை மேலே தூக்குகிறது, ஈயம் இடுப்பைக் கீழே இழுக்கிறது. கிடந்து போக வேண்டியவர் சாய்ந்து, ஏறக்குறைய நடந்து போகிறார். மார்பு முழுக்கத் தண்ணீரைத் தள்ளுகிறது. ஒவ்வொரு உதையும் பாதி முன்னே, பாதி மேலே. மேலே போனதும் ஜாக்கெட் காற்று விரிந்து இன்னும் தூக்கும், வெளியேற்றுவார்; மூழ்குவார், மறுபடி ஏற்றுவார்.

சரிபார்க்கும் இடம் சேஃப்டி ஸ்டாப், அதாவது டைவ் முடிந்து மேலே வருமுன் சில நிமிடம் நிற்கும் இடம். 5 மீட்டரில், 50 பார் மீதி இருக்கும்போது, ஜாக்கெட்டை முழுக்கக் காலி செய்துவிட்டு உதைக்காமல் இயல்பாக மூச்சு விடுங்கள். நின்றால் எடை சரி. மூழ்கினால் அடுத்த டைவில் 1 கிலோ குறையுங்கள், அதற்கும் மூழ்கினால் இன்னொன்று. ஒரேயடியாக 3 கிலோவைக் கழற்றினால் கடைசி 5 மீட்டரில் நிற்க முடியாமல் மேலே பறப்பீர்கள். கால் மட்டும் தாழ்ந்தால் பெல்ட்டிலிருந்து ஒரு கிலோவை எடுத்துச் சிலிண்டர் பட்டையில் மாட்டுங்கள். நீச்சல் குளத்தில் பார்த்த எடை கடலுக்கு ஆகாது. உப்புநீரில் 2 கிலோ அளவுக்குக் கூடும்.

எடையைக் குறைக்க முடியாமல் தவிப்பவர்களில் பலருக்குச் சிக்கல் ஈயத்தில் இல்லை, நுரையீரலில் இருக்கிறது. பதற்றத்தில் நெஞ்சை நிரப்பி வைத்துக்கொண்டு, மேலோட்டமாகக் கொஞ்சம் விட்டுக் கொஞ்சம் இழுப்பார்கள். வெளியே விடாத ஒவ்வொரு லிட்டரும் ஒரு கிலோ மிதப்பு. மூழ்க முடியவில்லை என்று ஈயம் கேட்பார்கள், கைடும் கொடுப்பார்.

அந்தக் குட்டி மூச்சுக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. தொண்டையும் மூச்சுக்குழாயும் சேர்ந்து சுமார் 150 மில்லி. அங்கே நிற்கும் காற்று உடலுக்குப் பயன்படாது. 500 மில்லி மூச்சில் 30 சதவீதம் வீண், 1500 மில்லி மூச்சில் 10 சதவீதம்தான். எனவே 4, 5 எண்ணும்வரை இழுத்து, 7, 8 எண்ணும்வரை விடுங்கள். கவனம் விடுவதில் இருக்கட்டும், இழுப்பது தானாக நடக்கும்.

இதையும் மூச்சை அடக்குவதையும் ஒன்றாகக் குழப்புகிறவர்கள் அதிகம். இழுத்துவிட்டுத் தொண்டையை அடைத்து 10 விநாடி வைத்திருப்பதால் கேஜ் முள் மெதுவாக நகர்வதுபோல் தோன்றும். மூச்சுக்குத் தவிக்க வைப்பது ஆக்சிஜன் குறைவல்ல, கார்பன் டை ஆக்சைடு ஏறுவது. அது ஏறியதும் உடல் மூச்சை வேகப்படுத்தும், மிச்சம் பிடித்தது போய்விடும். கரையேறியதும் தலைவலி, ஆழத்தில் நைட்ரஜன் மயக்கமும் கூடும். நிறைந்த நுரையீரலோடு மூச்சைப் பிடித்தபடி ஒன்றரை மீட்டர் மேலே வந்தாலே நுரையீரல் கிழியலாம். பிராணாயாமக்காரர்களுக்கும் இதுவே பதில். பூரகம் (இழுப்பது) 16, கும்பகம் (அடக்குவது) 64, ரேசகம் (விடுவது) 32 என்ற கணக்கில் நீண்ட ரேசகம் மட்டும் கடலுக்கு வரட்டும். கும்பகம் பாயிலேயே இருக்கட்டும்.

உதைகளில் ஃபிளட்டர் கிக் கால் ஓயாமல் அடிப்பது. ஃபிராக் கிக் ஒரு தள்ளு, பிறகு இரண்டு மூன்று விநாடி சறுக்கு. அந்தச் சறுக்கில்தான் காற்று மிச்சமாகிறது, மணலும் கிளம்பாது. எதிர் நீரோட்டத்தில் மட்டும் ஃபிளட்டர் மேல். எந்த உதையானாலும் வேகமே பெரிய செலவு: தண்ணீரில் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏறும் என்பதால், 20 சதவீதம் மெதுவாகப் போனால் பாதி உழைப்புதான். கைகளால் துழாவுவதை நிறுத்த ஒரே வழி, கட்டிக்கொள்வது.

விலையுயர்ந்த ரெகுலேட்டரைக் கடைசியில் யோசிக்கலாம். 15 மீட்டரில் ஒழுங்காகச் சர்வீஸ் செய்த சாதாரண ரெகுலேட்டரே போதும். 30 மீட்டருக்குக் கீழே காற்று அடர்த்தியாகும்போதுதான் ஆழமும் சிலிண்டர் அழுத்தமும் மாறினாலும் ஒரே இலகுவில் காற்றுத் தரும் பேலன்ஸ்டு வகையின் அருமை தெரியும். வாடகை ரெகுலேட்டர் இறுக்கமாக இழுத்தால் அதன் பக்கவாட்டு லீவர், நீருக்கு வெளியே இருக்கும்போது வைக்கும் நிலையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். ஆக்டோபஸ் எனும் உபரி ரெகுலேட்டரின் வாய்ப்பகுதி மேல்நோக்கித் தொங்கிக் குமிழ் விடுகிறதா என்று கூட வருபவரிடம் கேளுங்கள்.

நைட்ராக்ஸ் இந்தப் போட்டியிலேயே இல்லை. உடலில் சேரும் நைட்ரஜனுக்காக, பேடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் அட்டவணை 18 மீட்டரில் வைக்கும் 56 நிமிட வரம்பை 32 சதவீத நைட்ராக்ஸ் 95 ஆக்கும், சரி. 30 நிமிடத்தில் 50 பாருக்கு வருபவருக்கு அந்த 95 எதற்கு? லிட்டர் கணக்கு அப்படியேதான்.

செலவே இல்லாத வழி அட்டவணையின் நான்காவது வரி: பவளப்பாறைச் சரிவில், கைடு பார்வையில் இருக்க, அவருக்கு 3 மீட்டர் மேலே போவது.

15 லிட்டரை வெட்கப்படாமல் கேட்க வேண்டியவர்களும் உண்டு. 100 கிலோ உடம்புக்காரர் எல்லாம் திருத்திய பிறகும் 18-லேயே நிற்கலாம். பெரிய உடம்புக்குக் காற்று அதிகம் வேண்டும், அது குறையல்ல. ஆழமான கப்பல் சிதைவுகளுக்கும் அதுவே சரி: 30 மீட்டரில் 17 லிட்டர்காரருக்கும் நிமிடத்துக்கு 68 லிட்டர் போகும். அங்கே பெரிய சிலிண்டரின் மிச்சத்தை, உங்களுக்கும் கூட வருபவருக்கும் ஆபத்துக்கு ஆகும் கையிருப்பாக வையுங்கள், டைவை நீட்டிக்கச் செலவிடாதீர்கள்.