டிஏசி சரியாகிவிட்டது, பாட்டு சரியாகவில்லை

போன வாரம் என் டிஏசி, அதாவது டிஜிட்டல் பாட்டை ஹெட்போனுக்கு ஏற்ற மின்னலையாக மாற்றும் பெட்டி, ரிப்பேர் முடிந்து வந்தது. யுஎஸ்பி சாக்கெட் ஆடிப்போயிருந்தது, மாற்றிக் கொடுத்தார்கள். அதைக் கேள்விப்பட்ட சித்தப்பா பையன், "அண்ணா, நானும் ஒண்ணு வாங்கட்டுமா? சிடியைவிடத் துல்லியம்னு சொல்ற ஹைரெஸ் பாட்டுன்னா நிஜமாவே வித்தியாசம் தெரியுமா?" என்று கேட்டான். நாலு வருஷமாக மனதில் கிடப்பதைப் போனில் சொல்லி முடியவில்லை.

மெஷினில் ஒரு குறையும் இல்லை. சேலம் அம்மாபேட்டையில் பக்கத்து வீட்டுத் தறி ஓடும்வரை எதைக் கேட்டாலும் ஒன்றுதான். ராத்திரி தறி நின்றபிறகு ஹெட்போனை மாட்டினால், தம்புராவின் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக அடங்குவது கேட்கும்.

என் கோபமெல்லாம் அதற்குள் போகிற பாட்டின் மேல்தான். எண்பதுகளில் வந்த ஒரு திரைப்பாட்டுத் தொகுப்பு. பழைய சிடி என்னிடம் உண்டு. அதையே 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஹைரெஸ் ரீமாஸ்டர், அதாவது ஒலியைப் புதிதாகச் சீர்செய்த பதிப்பு, என்று விற்றார்கள், ஆசையாக வாங்கினேன். முதலில் பிரமாதமாகத்தான் இருந்தது. சத்தம் கூடினாலே காது அதை நல்லது என்று நம்பிவிடும். அப்புறம் ரீமாஸ்டரை ஆறு டெசிபல் இறக்கி, சிடியோடு சமமாக்கிக் கேட்டேன். பல்லவி முடிந்து எல்லாம் ஒரு கணம் அடங்கி, தபேலா மட்டும் விழுகிற இடம் ஒன்று உண்டு. சிடியில் அந்த முதல் அடி நெஞ்சில் விழும். ரீமாஸ்டரில் வயலினும் தபேலாவும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. அடி விழுந்ததே தெரியவில்லை.

கம்ப்யூட்டரில் அலைவடிவத்தைத் திறந்து பார்த்தேன். சிடியில் மேடும் பள்ளமும் இருந்தது. ரீமாஸ்டர், இரண்டு ஓரமும் கத்தரித்த பாய் மாதிரி இருந்தது. லிமிட்டர் என்ற கருவியைப் போட்டு உச்சங்களை நசுக்கி, மொத்தச் சத்தத்தை உயர்த்தியிருக்கிறார்கள். உச்ச ஒலிக்கும் சராசரி ஒலிக்கும் உள்ள இடைவெளியை அளக்கும் டைனமிக் ரேஞ்ச் மீட்டர் சிடிக்கு 13 காட்டியது, ரீமாஸ்டருக்கு 6.

சிடியின் 16 பிட்டிலேயே மெல்லிய ஒலிக்கும் பலத்த ஒலிக்கும் நடுவே 96 டெசிபல் இடம் இருக்கிறது, 24 பிட்டில் 144. அந்தக் காலத்து டேப்பில், இரைச்சல் குறைப்பு இல்லாவிட்டால், சுமார் 60, 70 டெசிபல்தான் தேறும். பெரிய பத்தாயம் கட்டி, நெல்லை ஒரு மூலையில் குவித்த கதை இது. ஸ்ட்ரீமிங்கிலாவது இந்த நசுக்கலுக்குப் பலன் உண்டா என்றால், ஸ்பாட்டிஃபை வழக்கமாக எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 லஃப்ஸ் என்ற ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. யாரைவிடச் சத்தமாகக் கேட்க இந்த வேலை?

ஒன்று ஒத்துக்கொள்கிறேன். ஏற்காடு போகும்போது இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறுகிற எஞ்சின் இரைச்சலில், சிடியின் மெல்லிய இடங்கள் காணாமல் போகின்றன, ரீமாஸ்டர் தெளிவாகக் கேட்கிறது. சரி, காருக்கு எம்பி3 போதுமே.

அதே மலையில் ஒரு காப்பித் தோட்ட வீட்டில் தங்கிய இரவு, ஒரு தனி வீணைப் பதிவைக் கேட்டேன். அதுவும் 24 பிட்தான், மீட்டரில் 14. மீட்டிய விரல் தந்தியை விட்டு விலகுவது வரை கேட்டது. அதை மாஸ்டர் செய்தவரைக் கும்பிடத் தோன்றியது. பிட் எத்தனையானாலும், அந்தக் கை இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை.

தம்பி, டிஏசி அருமையான பொருள். ஆனால் இப்போது வாங்காதே. அந்தக் காசுக்குப் பழைய சிடிகளைத் தேடிப் பிடி. என்னிடம் இருப்பதில் எது வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போ, அந்தத் தொகுப்பை மட்டும் கேட்காதே.